ஏட்டைத் தொலைத்தவர் யார்? எண்பிக்க வேண்டியவர் யார்?

நாட்டின் பெயரால் போர்முனைக்கு அனுப்பப்பட்டுக் குருதி சிந்திய ஒருவன், முதுமை வந்து, கைத்தடி ஊன்றி, தான் சிந்திய குருதிக்குச் சான்று தேடி அலைகின்றான். அவனுடைய காலிலே குண்டு பாய்ந்த தழும்பு இருக்கின்றது. அதனைக் கண்ணாற் காணலாம், கையாற் தொடலாம், வைத்தியர் அளந்தும் பார்க்கலாம். ஆயினும் அரசாங்கமோ, தழும்பு வேண்டாம், தாளைக் கொண்டுவா என்கின்றது. அந்தத் தாள் எங்கே இருந்தது? அரசாங்கத்தின் காவலிலே இருந்தது. இப்பொழுது எங்கே? அரசாங்கத்தின் காவலிலேயே எரிந்து சாம்பராயிற்று. அப்படியாயின் அந்தக் காயத்தை எண்பிக்கும் பொறுப்பு யாருடையது? கிழவனுடையதே என்று கூசாமற் கூறுகின்றது அரசாங்கம்!

இது விகடகவி ஒருவர் கட்டிய கதையன்று. உலகின் முதல் வல்லரசென்றும், சட்டத்தின் ஆட்சிக்கு உறைவிடமென்றும் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே, தமது சேவைப் பதிவேட்டில் விடுபட்டுப்போன பதக்கமொன்றைச் சேர்க்குமாறு விண்ணப்பிக்கும் பழைய போர்வீரர்களுக்கு நேர்ந்துவரும் கதி இதுவாகும்.

அமெரிக்கச் சிப்பாயின் பதக்கத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கா நடத்திய போர்களெல்லாம் நியாயமானவை என்று நாம் கூற வரவில்லை. போரின் நியாயம் வேறு. போருக்கு அனுப்பப்பட்டவனுக்குத் தீர்க்கவேண்டிய கணக்கு வேறு. இங்கே எழும் கேள்வி இதுதான்: குடிமகனைப் பற்றிய ஏட்டை அரசு தன் கையில் வைத்திருக்கின்றது, அந்த ஏட்டை அரசே தொலைத்துவிடுகின்றது, தொலைந்ததனால் வரும் நட்டத்தைத் தாங்கவேண்டியவர் யார்? காணி உறுதிக்கும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும், ஓய்வூதியக் கோவைக்கும் கந்தோர் வாசலிலே காத்துக் கிடந்த எவருக்கும் இக்கேள்வி அந்நியமாகத் தோன்றாது.

நள்ளிரவில் எரிந்த கோவைகள்

மிசூரி மாநிலத்திலே, சென்ற் லூயிஸ் நகரை அடுத்துள்ள ஓவர்லண்ட் என்னும் இடத்தில், அமெரிக்கப் படையினரின் சேவைக் கோவைகளைக் காக்கும் தேசிய நிலையம் இருந்தது. 1973 ஆம் ஆண்டு யூலை மாதம் 12 ஆந் திகதி நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் அதன் மேன்மாடியில் தீ மூண்டது. தீயணைப்புப் படையினர் பல திசைகளிலிருந்தும் விரைந்து வந்தனர். வெப்பமும் புகையும் தாங்காமல் அவர்களும் பின்வாங்க நேர்ந்தது. நான்கு நாள்களின் பின்னரே தீ முற்றாக அணைந்ததென அறிவிக்கப்பட்டது. மூண்ட காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை.

அழிந்த கோவைகள் 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரை என்பது கணக்கு. 1912 நவெம்பர் 1 முதல் 1960 சனவரி 1 வரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோவைகளில் நூற்றுக்கு 80 பங்கு போயிற்று. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் ஈடுபட்ட தரைப்படையினரில் மிகப் பெரும்பாலோர் இதனுள் அடங்குவர். 1947 செப்ரெம்பர் 25 முதல் 1964 சனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினருள், ஹபர்ட் என்னும் பெயருக்குப் பின்னால் அகரவரிசையில் வருவோரின் கோவைகளில் நூற்றுக்கு 75 பங்கு போயிற்று. அகரவரிசையில் முன்னே நின்றவனுக்குச் சேவை வரலாறு தப்பியது. பின்னே நின்றவனுக்கு அது சாம்பராயிற்று. ஒருவன் நாட்டுக்குச் செய்த பணிக்குச் சான்று உண்டா இல்லையா என்பதை அவன் பெயரின் முதலெழுத்துத் தீர்மானித்த விந்தையை வேறெங்கே காண்போம்!

தீ தெய்வச் செயல், அதற்கு அரசு என்ன செய்யும் என்று கேட்பார்க்கு மறுமொழி கூறுவோம். அத்தனை இலட்சம் மனிதரின் வரலாற்றை ஒரே கட்டடத்தில் அடுக்கியவர்கள், கோவைகள் இருந்த மாடியில் தானாக நீர் தெளிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கவில்லை. எரிந்த கோவைகளுக்குப் பிரதிகள் இல்லை. நுண்படச் சுருள் இல்லை. எவருடைய கோவை இருந்தது என்பதைக் காட்டும் அட்டவணைகூட இல்லை. கடைத்தெரு வியாபாரி தன் கடன் கொப்பியைக் காப்பதிற் காட்டும் கவனத்தை, அணுகுண்டு செய்த அரசு தன் வீரர்களின் ஏட்டைக் காப்பதிற் காட்டவில்லை.

நீரில் ஊறியும் ஓரம் கருகியும் கிடைத்த ஏறத்தாழ 65 இலட்சம் கோவைகளை மீட்டு, விண்வெளிப் பயணச் சோதனைக்கென அமைந்த வெற்றிட அறையிலே உலர்த்தியெடுத்த ஊழியரின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. சம்பளப் பத்திரங்களையும் அணிகளின் காலை அறிக்கைகளையும் கொண்டு, எரிந்த கோவைகளை மறுபடி தொகுத்துவரும் எழுதுவினைஞர்கள் பாராட்டுக்குரியவர்களே. நம் வழக்கு அவர்களோடன்று. தொலைத்தவனை விட்டுவிட்டு இழந்தவனைக் கூண்டிலேற்றும் விதியோடுதான்.

சட்டம் எவ்வாறு பேசுகின்றது?

1946 ஆம் ஆண்டுக்கு முன்பு, பதிவேட்டிலுள்ள ஒரு பிழையைத் திருத்தவேண்டுமானால் அமெரிக்கக் கொங்கிரஸ் சபையிலே அந்த ஒருவனுக்கென்றே தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அச்சுமை தாங்காத கொங்கிரஸ், 1946 இலே அத்தகைய மசோதாக்களைத் தடுத்து, திருத்தும் அதிகாரத்தைப் படைத்துறைச் செயலாளர்களுக்கும் குடியியலாளர் கொண்ட திருத்தச் சபைகளுக்கும் அளித்தது. சட்டத்தின் சொற்கள் தாராளமானவை. பிழையைத் திருத்தவோ அநீதியைக் களையவோ அவசியமெனக் கண்டால், எந்த இராணுவப் பதிவையும் திருத்தலாம் என்பது அதன் கருத்து. பிழை என்பதோடு நில்லாது அநீதி என்றும் சேர்த்தார்களே, அதனை வரவேற்போம்.

ஆனால் நடைமுறையோ சட்டத்தின் சொல்லை விழுங்கிவிட்டது. தரைப்படையின் திருத்தச் சபை ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஓர் ஊகத்தோடு தொடங்குகின்றது. அரசாங்க உத்தியோகத்தர் தம் கடமையை ஒழுங்காகவே செய்தனர், ஆகவே பதிவேடு சரியானதே என்பது அவ்வூகம். அது பிழையென்று காட்டும் சுமை விண்ணப்பகாரனின் தலைமேல். வாய்மொழி விசாரணை கேட்க அவனுக்கு உரிமை கிடையாது. சபை விரும்பினால் மட்டுமே அது நடக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தான் ஒரு புலனாய்வு மன்றமன்று எனச் சபையின் ஒழுங்குவிதியே கூறுகின்றது. தேடிக் கொடுக்கவேண்டிய முதற் சுமை கிழவனுக்கே. பிழையைக் கண்ட மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமென்ற காலவரையறையும் உண்டு. நீதியின் பொருட்டு அதனை மன்னிப்பதும் மன்னியாது விடுவதும் சபையின் மனத்தைப் பொறுத்தது.

ஊதா இதயப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது மேலதிகாரி ஒருவர் மனமுவந்து அளிக்கும் வெகுமதியன்று. எதிரியின் செயலாற் காயமுற்றவனுக்கு, விதிகள் நிறைவேறினால், உரிமையாகவே சேர்வது. அவ்விதிகள் யாவை? காயம் எதிரியால் ஏற்பட்டிருக்கவேண்டும். வைத்திய உத்தியோகத்தரின் சிகிச்சை அதற்குத் தேவைப்பட்டிருக்கவேண்டும். அச்சிகிச்சை உத்தியோகபூர்வமான ஏட்டிலே பதியப்பட்டிருக்கவேண்டும். மூன்றாவது விதியைக் கவனியுங்கள். குண்டு பாய்ந்தால் மட்டும் போதாது. பாய்ந்தது ஏட்டிலும் ஏறவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அமெரிக்கக் கந்தோரிலோ ஏட்டிலுள்ள சுரைக்காய்தான் சுரைக்காய். கொடியிலே காய்த்துத் தொங்குவது சுரைக்காயன்று!

ஏடு எரிந்துவிட்டதே என்றால், உடனிருந்து கண்டோரின் சத்தியக் கடதாசிகளைக் கொண்டுவா என்கின்றார்கள். இருபது வயதில் உடனிருந்த தோழன் அன்றே பக்கத்திற் செத்து வீழ்ந்திருக்கலாம்; இல்லையேல் முதுமையால் மாண்டிருக்கலாம். செத்தவனிடம் சத்தியக் கடதாசி வாங்க எந்த நொத்தாரிசாலும் இயலாது.

இன்னொரு விசித்திரத்தையும் கூறுவோம். 1947 இலே ஒரு முடிவு செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே போரிட்ட காலாட்படையாளருக்கு வழங்கப்பட்ட சமர்ச் சின்னத்தைப் பெற்றவர்கள் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர்கள் என்பது அம்முடிவு. நல்ல முடிவுதான். ஆயினும் பதக்கம் வீடு தேடிச் செல்லவில்லை. உரியவன் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பலர் அதற்கு முன்னரே படையிலிருந்து விடுபட்டு வயலுக்கும் ஆலைக்கும் திரும்பிவிட்டனர். தனக்கு ஒரு பதக்கம் உரியதென்பதையே அறியாமல் மாண்டவர்கள் எத்தனை பேரோ! வரி வாங்க வேண்டுமானால் வீட்டு வாசலைத் தவறாமற் கண்டுபிடிக்கும் அரசு, கடன் தீர்க்க வேண்டிய வேளையில் முகவரி மறந்துபோகின்றது.

புகைக்கூண்டுச் சிறுவனின் இரத்தினம்

சட்டம் கற்றோர் யாவரும் முதலாண்டிலேயே படிக்கும் வழக்கொன்றை இங்கே நினைவூட்டுவோம். 1722 ஆம் ஆண்டு. இலண்டனிலே புகைக்கூண்டு துடைக்கும் ஏழைச் சிறுவன் ஒருவன் இரத்தினம் பதித்த அணியொன்றைக் கண்டெடுத்தான். அதன் விலையை அறியப் பொற்கொல்லர் ஒருவரின் கடைக்குக் கொண்டு சென்றான். கடைப் பயிலுநன் நிறுத்துப் பார்ப்பதாகப் பாசாங்கு செய்து கற்களைக் கழற்றிக்கொண்டான். அற்பக் காசு கொடுக்க முன்வந்தனர். சிறுவன் மறுத்து அணியைத் திருப்பிக் கேட்டான். கற்களில்லாத வெறுங்கூட்டைக் கையிற் கொடுத்தனர். வழக்கு அரச மன்றத்துக்குச் சென்றது. கல் இல்லை, அதன் தரம் தெரியாது, விலையை எவ்வாறு மதிப்பது?

பிரதம நீதியரசர் பிராற், யூரர்களுக்குச் சொன்ன வழி இதுதான். எதிரி கல்லைக் கொண்டுவந்து, அது தாழ்ந்த தரத்ததென்று காட்டட்டும். காட்டாவிடின், அக்கூட்டில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த கல்லே அதில் இருந்ததென்று கொள்ளுங்கள். தன் கையிலிருந்த பொருளைக் கொண்டுவந்து காட்டமுடியாதவனுக்கு எதிராகவே ஊகம் செல்லவேண்டும் என்னும் நியாயத்துக்கு அன்றுதொட்டு இவ்வழக்கை எடுத்துக்காட்டி வருகின்றோம்.

மூன்று நூற்றாண்டுக்கு முன் புகைக்கரி பூசிய சிறுவனுக்குக் கிடைத்த நீதி, நாட்டுக்காகக் காயமுற்ற கிழவனுக்கு ஏன் கிடைக்கலாகாது? பொற்கொல்லர் கடையில் நடந்தது வஞ்சகம், சென்ற் லூயிஸில் நடந்தது விபத்து என்று வேறுபாடு காட்டுவர். அப்படித்தான் 2006 இலே அமெரிக்கக் கூட்டாட்சி மேன்முறையீட்டு மன்றமொன்றும், 1973 ஆம் ஆண்டுத் தீயில் கோவை அழிந்த ஒருவரின் இழப்பீட்டு வழக்கிலே, அரசுக்கு எதிரான ஊகத்தை ஏற்க மறுத்தது. முன்னாட் படையினருக்கான நீதிமன்றம் 1991 இலே, ஏடு அரசின் கையில் தொலைந்திருந்தால் அரசு கூடுதலான கவனத்தோடு காரணங்களை விளக்கக் கடமைப்பட்டது என்று கூறியிருந்தது. கூடுதலான கவனமாம்! பசித்தவனுக்குச் சோற்றுக்குப் பதிலாகக் கூடுதலான உபசார வார்த்தை!

விபத்தென்றே வைத்துக்கொள்வோம். இருவரும் குற்றமற்றவர் என்றே கொள்வோம். நட்டம் வந்துவிட்டது, இருவரில் ஒருவர் அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும். தன் கோவையை வீட்டுக்குக் கொண்டுபோகச் சிப்பாய்க்கு அதிகாரம் இருந்ததா? பிரதி எடுத்து வேறோரிடத்தில் வைக்க அவனால் முடிந்ததா? கட்டடத்தில் நீர்க்குழாய் பொருத்தும் உரிமை அவனிடம் இருந்ததா? இவையனைத்தும் ஒருவர் கையிலேயே இருந்தன. தடுக்கும் வல்லமை யாரிடம் இருந்ததோ, நட்டமும் அவரையே சாரவேண்டும் என்பது கமக்காரனுக்கும் விளங்கும் நியாயம்.

இருமுறை தொலைந்த கடதாசி

தீயின்மேற் பழி போட முடியாத வழக்குகளும் உண்டு. 1965 யூன் 17, 18 ஆந் திகதிகளில் வியற்நாமின் பொங் சோன் என்னும் இடத்துக்கு அண்மையிலே, கப்டன் பாரிஸ் டேவிஸ் என்னும் கறுப்பின அதிகாரி, பயிற்சி குறைந்த தென் வியற்நாமியப் படைப்பிரிவோடு எதிரியின் தளமொன்றைத் தாக்கினார். விரல் சிதைந்து, பலமுறை காயமுற்றும், களத்தைவிட்டு நீங்க மறுத்து, வீழ்ந்து கிடந்த தம் அமெரிக்கத் தோழர் ஒவ்வொருவரையும் மீட்டெடுத்த பின்னரே அவர் வெளியேறினார். அவருடைய மேலதிகாரி, நாட்டின் அதியுயர் விருதாகிய கௌரவப் பதக்கத்துக்கு அவரைப் பரிந்துரைத்தார். பரிந்துரைக் கடதாசி தொலைந்தது. 1969 இலே விசாரணை நடத்தி, மீண்டும் பரிந்துரைக்குமாறு பணித்தனர். அதுவும் தொலைந்தது! வெள்ளி நட்சத்திரப் பதக்கம் மட்டுமே அவர் பெயரில் எஞ்சியது.

ஒருமுறை தொலைந்தால் கவனக்குறைவு எனலாம். இருமுறை தொலைந்தால் என்னென்பது? நிறவெறி கையெழுத்திட்டுச் சாட்சி விட்டுச்செல்வதில்லை; கோவையைக் காணவில்லை என்ற பணிவான மறுமொழிக்குள்ளே அது மறைந்துகொள்கின்றது. தோழர்களும் தன்னார்வலர்களும் பல்லாண்டு விடாது முயன்றனர். கடைசியில் 2023 மார்ச்சு 3 ஆந் திகதி, வெள்ளை மாளிகையிலே, சனாதிபதி பைடன் அப்பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். டேவிஸுக்கு அப்பொழுது வயது 83. சமர் நடந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

டேவிஸ் ஒருவர் மட்டுமல்லர். முதலாம் உலகப் போரிலே 1918 இல் பிரான்சில் எதிரிகளோடு கைகலந்து போரிட்ட ஹென்றி ஜோன்சன் என்னும் கறுப்பின வீரருக்குப் பிரெஞ்சு அரசு தன் போர்ச் சிலுவையை அளித்தது. தாய்நாடு அன்று எதனையும் அளிக்கவில்லை. அவர் 1929 இல் மறைந்தார். ஊதா இதயம் 1996 இலும் கௌரவப் பதக்கம் 2015 இலும் அவர் பெயருக்குச் சேர்ந்தன. அணிவதற்கு மார்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து அரை நூற்றாண்டு வரை கறுப்பினத்தவர் ஒருவருக்கேனும் அப்போருக்காகக் கௌரவப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆய்வு நடத்தி, நிறப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு, 1997 இலே எழுவருக்கு வழங்கினர். அவர்களில் உயிரோடிருந்து பெற்றுக்கொண்டவர் வேணன் பேக்கர் ஒருவரே. 2000 ஆம் ஆண்டில் ஆசிய, பசுபிக் வழிவந்தோர் 22 பேருக்கும், யூத, இஸ்பானிய வழிவந்தோர் பற்றிய மீளாய்வின் பயனாக 2014 இல் 24 பேருக்கும் வழங்கினர்.

இவை எதனைக் காட்டுகின்றன? அரசியல் நெருக்குதல் வந்தபோது, அதே அரசு பழைய ஏடுகளைத் தானே தோண்டித் துருவித் தேடியது, தேடியபோது கிடைத்தது. ஆகவே தேட இயலாது என்பது பொய். தேட மனமில்லை என்பதே மெய். அமைப்பும் குரலும் உள்ள கூட்டத்துக்கு வாசல் திறக்கின்றது. தனியனாகிய கிழவனுக்கோ ஒரு படிவமும் ஒரு மறுப்புக் கடிதமும்தான்.

கமக்காரரின் விதவை

கென்ரக்கி மாநிலத்திலே கார்லின் கொன்னர் என்னும் கமக்காரர் வாழ்ந்தார். 1945 சனவரி 24 இலே, பிரான்சின் ஊசன் என்னும் ஊரருகே, முந்திய காயம் ஆறுமுன்னரே களத்துக்குத் திரும்பியிருந்த அவர், தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டு தம் படைக்கு முன்னே ஓடி, ஆழமில்லாத வாய்க்காலொன்றிற் படுத்து, மூன்று மணி நேரம் பீரங்கிச் சூட்டுக்கு வழிகாட்டினார். எதிரி நெருங்கியபோது தம்மேலேயே சுடுமாறு பணித்தார். ஆறு தாங்கிகளோடு வந்த அறுநூறு ஜேர்மனியர் தடுக்கப்பட்டனர். பின் ஊர் திரும்பி, மண்ணைக் கொத்தி வாழ்ந்தார். தம் வீரத்தைப் பற்றி அதிகம் பேசினாரல்லர். அவருக்குக் கிடைத்திருந்த சிறப்புச் சேவைச் சிலுவை போதாது, கௌரவப் பதக்கமே தகும் என்று 1990 களின் நடுப்பகுதியிலே விண்ணப்பம் எழுந்தது. சபை மறுத்தது, மீண்டும் மறுத்தது. 1998 இல் கொன்னர் காலமானார்.

அவருடைய மனைவி விடவில்லை. கண்ணாற் கண்டோரின் புதிய சாட்சியங்கள் கிடைத்தன. கைம்பெண் நீதிமன்றம் ஏறினார். 2014 இலே நீதிமன்றம் கூறியது என்ன? காலவரையறை கடந்துவிட்டது என்றது! அந்த வாய்க்காலில் அவர் படுத்திருந்தாரா, பீரங்கியை அழைத்தாரா என்ற கேள்விகளெல்லாம் பின்னே தள்ளப்பட்டு, நாட்காட்டியே முன்னே வந்து நின்றது. மேன்முறையீட்டின் வழியே விடயம் மறுபடி சபைக்குச் சென்று, 2015 இலே சபை இணங்கி, 2018 யூன் 26 இலே அப்பதக்கம் விதவையின் கையில் வைக்கப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அலைச்சல்!

காலவரையறைச் சட்டம் வேண்டாமென்று கூறும் சட்டத்தரணி எவரும் இலர். பழைய கோரிக்கைகளால் எதிரி திடுக்கிட்டு, சான்று தேட இயலாது தவிக்கலாகாது என்பதற்காகவே அச்சட்டம் பிறந்தது. ஆனால் இங்கே எதிரி யார்? ஏட்டை எழுதியவனும் காத்தவனும் தொலைத்தவனும் ஆகிய அரசே. தன் பிழைக்குத் தானே காலவரையறை என்னும் குடை பிடித்துக்கொள்வது, குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதையாகும்.

ஒரே அரசு, இரண்டு சாளரங்கள்

போர்முனையிற் காயமுற்றதாகக் கூறும் ஒருவன் இயலாமை இழப்பீடு கேட்டால், அவன் கூற்று அவனுடைய சேவையின் சூழ்நிலைக்குப் பொருந்துமானால், உத்தியோகபூர்வமான பதிவு இல்லாவிடினும் ஏற்கவேண்டும் என்று 1941 ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்கச் சட்டம் கூறிவருகின்றது. சமர்க்களத்திலே எழுதுவினைஞர் மேசை போட்டு அமர்ந்திருக்கமாட்டார் என்பதை அறிந்தவர்கள் ஆக்கிய சட்டம் அது. எவ்வளவு நியாயமானது!

ஆனால் அதே மனிதன், அதே காயத்தோடு, அதே அரசின் அடுத்த சாளரத்துக்குச் சென்று பதக்கம் கேட்டால் நிலைமை தலைகீழாகின்றது. இழப்பீட்டுத் திணைக்களம் ஏற்றுக்கொண்டது எம்மைக் கட்டாது, எமக்குப் போர்க்காலத்து வைத்தியப் பதிவு வேண்டும் என்கின்றது படைத்துறை. ஒரு சாளரத்திலே உண்மையான காயம், மற்றைச் சாளரத்திலே எண்பிக்கப்படாத காயம்! ஓர் உடலில் ஒரு தழும்பு, ஒரே நேரத்தில் இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடுமாயின், வேதாந்திகளும் திகைத்துப்போவர்.

வேறு சான்று இல்லை என்ற சாட்டும் நில்லாது. 1942 முதல் 1945 வரையும், 1950 முதல் 1954 வரையும் இராணுவ வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் பற்றிய ஒரு கோடி பதிவுகள் கொண்ட கணினி நாடாக்கள் 1988 இலே வெளிப்பட்டன. படைத்துறைத் தலைமை வைத்தியரின் அலுவலகமே ஒரு காலத்தில் தொகுத்த விவரங்கள் அவை. தீ எரிந்து பதினைந்து ஆண்டுகள் வரை, பதிவு எரிந்துவிட்டது என்று மறுமொழி பெற்றவர்களுள் எத்தனை பேரின் சான்று அந்த நாடாக்களில் உறங்கிக் கிடந்ததோ! எரிந்தது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. தேடாதவன் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

எதிர்வாதங்கள்

பொய்யர்கள் புகுந்துவிடுவர் என்பது அவர்களுடைய முதல்வாதம். பொய்ப் பதக்கம் அணிவோர் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்களைத் தண்டிக்க 2006 இலே சட்டம் செய்தனர். பேச்சுரிமைக்கு முரணென 2012 இலே உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்க, நன்மை பெறும் நோக்கோடு பொய்யுரைப்போரைக் குறிவைத்து 2013 இலே மறுபடி செய்தனர். நல்லது, கள்வனைப் பிடிக்கச் சட்டம் இருக்கின்றதே! அதன் பின்னும் வாசலில் வரும் ஒவ்வொருவரையும் கள்வனாகவே பார்ப்பதேன்? களைக்கு அஞ்சி விதைப்பை நிறுத்தும் கமக்காரன் உண்டோ?

இத்தனை காலத்தின் பின் தகரத் துண்டொன்று எதற்கு என்பது இரண்டாவது வாதம். ஊதா இதயம் பெற்றவனுக்கு அரச வைத்தியசேவையிலே முன்னுரிமை உண்டு. ஆகவே அது வெறுந் தகரமன்று. வேறு பயன் யாதுமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், தகரமென்று இகழ்பவர் அதனைக் கொடுக்க மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம் காட்டவேண்டும்? போருக்கு ஆள் சேர்க்கும்போது அது பொன்; போர் முடிந்து கேட்கும்போது தகரமா?

செய்யவேண்டியது என்ன?

நீதி எளியது, நான்கே விதிகளில் அடங்கும். கோவை அரசின் காவலில் அழிந்தது அல்லது தொலைந்தது என்று தெரிந்தால், அணியின் வரலாற்றோடும் காலத்தோடும் இடத்தோடும் பொருந்தும் விண்ணப்பகாரனின் சத்தியக் கூற்றையே உண்மையென ஊகிக்கவேண்டும். அது பொய்யென்று காட்டும் சுமை அரசுக்கு. காவலனின் தவறால் எழுந்த வழக்கிலே காலவரையறை ஓடலாகாது. திருத்தச் சபை தேடும் கடமையுடைய மன்றமாகவேண்டும். அணிகளின் நாட்குறிப்பு, வைத்தியசாலைப் பதிவு, சம்பளப் பத்திரம் ஆகியவற்றைத் துருவிய பின்னரே இல்லை என்னும் சொல் அதன் வாயிலிருந்து வரவேண்டும். ஏடு இழந்தவன் நேரில் வந்து பேசும் உரிமை பெறவேண்டும். தாளைப் பறிகொடுத்தவனைத் தாளால் மட்டுமே பேசு என்பது நாவை அறுத்தபின் பாடச் சொல்வதாகும்.

இவற்றுள் புதுமை ஏதுமில்லை. முதல் விதி 1941 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. அதனை ஒரு சாளரத்திலிருந்து மற்றைச் சாளரத்துக்கு நீட்டினாற் போதும். இராணுவப் பரிந்துரைகளின் பழைய காலவரம்பை, கொங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் கேட்டால் தாண்டலாமென்று 1996 இலே ஒப்புக்கொண்டார்கள். உறுப்பினரின் கதவைத் தட்டத் தெரிந்தவனுக்குத் திறக்கும் வழி, தட்டத் தெரியாத ஏழைக்கு மட்டும் ஏன் அடைபடவேண்டும்?

காலம் குறுகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்டோருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். கொரியப் போரினரும் தொண்ணூறைத் தாண்டிவிட்டனர். விண்ணப்பகாரன் மாண்டால் கோவை தானாக மூடப்படும் என்று காத்திருக்கும் கந்தோர்கள் உலகெங்கும் உண்டு. அந்தக் காத்திருப்பு நிர்வாகமன்று. மரணத்தை எழுதுவினைஞராக அமர்த்திக்கொள்வதாகும்.

ஏடு அரசின் சொத்தன்று. குடிமகன் தன் வாழ்வின் ஒரு பகுதியை அரசிடம் அடைக்கலமாக வைத்த பொருள் அது. அடைக்கலப் பொருளைத் தொலைத்தவர், உரியவனைப் பார்த்து, நீ ஒன்றும் தரவில்லையே என்று கூறுவாராயின், அவர் வெள்ளை மாளிகையில் இருந்தாலென்ன, மூலைக்கடையில் இருந்தாலென்ன, நியாயத்தின் முன் அவர் எதிரிக் கூண்டிலேதான் நிற்கவேண்டும். கிழவனை அக்கூண்டிலிருந்து இறக்குங்கள். தொலைத்தவரை ஏற்றி, முதற் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.